சாம்பாரில் வெல்லம்

(ஆனேக்கல் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளின் மேன்மையையோ சிலம்பின் சிறப்பையோ பேசுவது மரபு. நமக்கு வாய்த்த பொருள் வேறு. "விடுமுறை நாளில் குடும்பத்தோடு பெங்களூருக்குச் சென்றால் எங்கே உண்பது? அதைச் சொல்லுங்கள், எல்லார்க்கும் பயன்படும்" என்று செயலாளர் பணித்தார். கேட்ட அளவில் நகைத்தோம். வீடு சென்று எண்ணிப் பார்த்தபோது நகைப்பு அடங்கிவிட்டது.

நம் குடியிருப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் தாய்மார் ஒருவர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார். கணவர்க்குப் பொம்மசந்திரத்தில் வேலை. மகனுக்கு ஜிகணியில் வேலை. மகளுக்கு அத்திப்பள்ளியில் வேலை. மூவர்க்கும் மூன்று ஷிப்டு. ஆதலால் அடுக்களையில் நிற்கும் அந்த அம்மையார்க்கும் மூன்று ஷிப்டு. பெங்களூரில் நீங்கள் கண்டவை எவை என்று கேட்டோம். "ஆசுபத்திரி வாசலும் மெஜஸ்டிக் பஸ் நிலையமும்" என்றார். முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ஒரு மாநகரம் இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்தும் அதைக் காண வருகிறார்கள். அருகில் வாழும் நாம் அதன் மேசையில் அமர்ந்து ஒரு வேளை உண்டதில்லை.

ஏன் என்று கேட்டால் நாம் கூறும் விடை ஒன்றே: "சாம்பாரில் வெல்லம் போடுகிறான்!"

இந்தக் குறையைக் கூறாத தமிழ் வீடு கருநாடகத்தில் உண்டோ? ஊரிலிருந்து வரும் மாமனும் மைத்துனனும் முதல் வாய் எடுத்துவைத்தவுடனே முகத்தைச் சுளிப்பார்கள். நாமும் உடன் சுளிப்போம். வெல்லம் போடுவது உண்மைதான். புளிப்பையும் காரத்தையும் சற்று இனிப்பால் தணிப்பது இந்நாட்டுச் சுவை. ப்யாடகி மிளகாய் நிறம் மிகுதியாகவும் காரம் குறைவாகவும் தருவது. செக்கச் செவேலென்ற குழம்பைக் கண்டு அஞ்சி வாயில் வைத்தவன், காரம் இல்லையே என்று ஏமாறுகிறான். அவரவர் நாவுக்கு அவரவர் ஊர். ஆயினும் ஒரு செய்தியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சென்னையில் நம் முன்னோர் மூன்று தலைமுறையாக உண்டு மகிழ்ந்த ஓட்டல்களை நடத்தியவர் யாவர்? அவர்களிற் பலர் உடுப்பிப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுள் கே. கிருஷ்ணராவ் என்பார் சமையலறையில் சிறு வேலை பார்த்து உயர்ந்து, 1938ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் 1962இல் தோன்றிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலை அறியாத பழைய சென்னைவாசி இல்லை. அது 2008இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று இருப்பது செம்மொழிப் பூங்கா! தமிழர் காப்பியும் போண்டாவும் உண்ட இடத்தை ஆக்கியவர், நம்மைப் போலவே தாய்நிலம் விட்டுப் பெயர்ந்த ஒருவர். அவர் சென்னைக்குச் சென்று சென்னையாரின் நாவை அறிந்தார். நாம் பெங்களூருக்கு வந்து பெங்களூராரின் கையை அறியவில்லை.

நமக்கு நேர்ந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். சொல்லுதற்குச் சற்று நாணமாகவே இருக்கிறது.

நம் தெருமுனையில் மண்டியா நாட்டவர் ஒருவர் சிறு ஓட்டல் வைத்திருந்தார். பல ஆண்டுகளாக அவர் கடை வாயிலைக் கடந்து வேலைக்குச் சென்றோம். ஒரு நாள் நுழைந்தோம், சாம்பாரில் வெல்லம், பின்பு நுழையவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரிச் சிக்கலில் பெங்களூர் பற்றி எரிந்த நாள். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் தீக்கிரையாயின. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு. 1991ஆம் ஆண்டை நேரிற் கண்ட முதியோர், கதவைத் தாழிட்டுக்கொண்டு குழந்தைகளிடம் "உரக்கத் தமிழ் பேசாதே" என்றனர். மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறக்க அஞ்சினோம். சாளரத்தின் வழியே பார்த்தபோது, அந்த மண்டியாக்காரர் ஒரு தூக்குச் சட்டியோடு நின்றார். அவர் கேட்டது இரண்டே சொல்: "ஊட்டா ஆய்த்தா?" உண்டாயிற்றா என்பது அதன் பொருள். கருநாடகத்தில் ஒருவரை ஒருவர் காணும்போது நலம் உசாவும் சொல்லும் அதுவே. சட்டியில் இட்டலியும் சாம்பாரும் இருந்தன. பணம் தரப் போனோம்; கையை மறைத்துக்கொண்டார். காவிரி நீருக்காகத் தம் ஊரில் உறவினர் சாலையில் அமர்ந்திருந்த நாளில், அவர் நம் வாயிலில் நின்றார். அன்று அந்தச் சாம்பாரில் வெல்லம் இருந்ததா இல்லையா என்பது நினைவில் இல்லை.

ஆதலால் செயலாளர் இட்ட பணியை நாம் விளையாட்டாகக் கொள்ளவில்லை. இனிச் செல்லும் வழியைச் சொல்வோம்.

முன்பெல்லாம் ஓசூர்ச் சாலையில் பேருந்தில் அமர்ந்தால், சில்க் போர்டு சந்திப்பைக் கடப்பதற்குள் பசி வந்து, போய், மீண்டும் வந்துவிடும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. பொம்மசந்திரத்தில் தொடங்கி இராஷ்ட்ரீய வித்யாலயச் சாலை, அதாவது ஆர்.வி. ரோடு, வரையில் ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம் வழியாகப் பொம்மசந்திரம் சேர்ந்தால், பின்பு நெரிசல் நம்மைத் தொடாது. வழியில் வடக்கே நோக்கிச் செல்கையில் மேற்குப் புறமாகச் சற்று உள்ளே இருப்பது பேகூர். "பெங்களூர்" என்னும் பெயர் பொறித்த பழைய வீரக்கல் கிடைத்த ஊர் அது. கி.பி. 890ஆம் ஆண்டை ஒட்டியது என்பர். ஒரு மன்னன் காட்டில் வழிதவறி வந்தபோது மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு தந்தாள், அதனால் "பெந்த காளூர்" ஆயிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதைக்குரிய மன்னனின் காலத்திற்கு முன்பே கல்லில் பெயர் இருப்பதால் கதை நில்லாது. எனினும் ஒரு வேளைச் சோற்றின் பெயரால் தம் ஊர் எழுந்தது என்று நம்ப விரும்பும் மக்கள் வாழும் நகரம் அது. மஞ்சள் தடத்தில் ஈற்றயல் நிலையத்தின் பெயர் ராகிகுட்டா. ராகிக் குவியல் கல்லாகிக் குன்றாயிற்று என்பது அவ்விடத்துக் கதை. ஊரெல்லாம் உணவு!

ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்திற்கு மாறி, இரண்டாம் நிலையமாகிய சவுத் எண்ட் சர்க்கிளில் இறங்கினால் காந்தி பஜார் நடக்கும் தொலைவு. அங்கேதான் வித்யார்த்தி பவன் இருக்கிறது. 1943ஆம் ஆண்டு மாணவர்களுக்கென்று தொடங்கிய சிறு கடை. இன்று அதன் வாயிலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்போரில் மாணவர் சிலரே, தாத்தாக்கள் பலர். வேட்டி உடுத்த பரிமாறுவோர் ஒருவர், ஒரு கையின் நெடுக்கே தட்டின் மேல் தட்டாகப் பத்துப் பன்னிரண்டு தோசைகளை அடுக்கிக்கொண்டு, கூட்டத்தினூடே நடந்து வருவார். குழந்தைகளுக்கு அது சர்க்கசைக் காட்டிலும் பெரிய காட்சி. சுவரில் கன்னட எழுத்தாளர்களின் ஓவியங்கள் தொங்குகின்றன. நாம் இட்டலிக் கடையில் எழுத்தாளர் படம் மாட்டிப் பார்த்ததுண்டா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை இங்கே விரிக்க வேண்டா. தோசை வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். வெண்ணெயின் மணம் முன்னே வரும். உடன் தருவது சட்டினி. சாம்பார் இல்லை. வெல்லத்தைப் பற்றிய வழக்கு அங்கே தானாகவே தள்ளுபடியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.

லால்பாக் நிலையத்தில் இறங்குவோர் பூங்காவின் மேற்கு வாயிலில் நிற்பர். ஐதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் அது. அதன் ஊடே நடந்து மறுபுறம் வெளியேறினால் மாவள்ளி. பசி எடுப்பதற்கு அதனினும் நல்ல வழி இல்லை. அங்குள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ், சுருக்கமாக எம்.டி.ஆர்., பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

உடுப்பிப் பகுதியிலிருந்து பெங்களூருக்கு வந்து வீடுகளில் சமையல் வேலை பார்த்த பரமேசுவர மையா, உடன்பிறந்தாரோடு சேர்ந்து 1924இல் ஒரு சிறு கடையைத் தொடங்கினார். "பிராமின் காப்பி கிளப்" என்பது அதன் அந்நாளைய பெயர். பிற்காலத்தில் அதை நடத்திய தம்பி யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று, அங்குள்ள உணவகங்களின் தூய்மையைக் கண்டு வியந்தார். திரும்பி வந்து பாத்திரங்களைக் கொதிநீராவியில் கழுவச் செய்தார். உண்ண வருவோர் சமையலறையைத் தாமே பார்த்துச் செல்லலாம் என்று வாயிலைத் திறந்துவைத்தார். 1960இல் இன்றைய இடத்திற்கு மாறியபோது பெயரும் மாறியது. ரவை இட்டலி பிறந்த கதையும் அவர்கள் கூறுவதே: இரண்டாம் உலகப் போரில் பர்மா சப்பானியர் கைப்பட்டு அரிசி அருகிப்போன காலத்தில், அரிசிக்கு மாற்றாக ரவையை வேகவைத்துப் பார்த்தார்களாம். நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு அரசு மிகக் குறைந்த விலை வரையறுத்தபோது, அந்த விலைக்குத் தரம் குறைத்துத் தருவதைவிடக் கடையை அடைப்பதே மேல் என்று அடைத்துவிட்டு, மாவும் பொடியும் கலந்து பொட்டலமாக விற்கத் தொடங்கினர். இன்று நம் பலசரக்குக் கடையில் தொங்கும் பொட்டலத்தின் வரலாறு அதுவே.

அங்கே ரவை இட்டலியும், சிறு கிண்ணத்தில் நெய்யோடு வரும் மசால் தோசையும், பிசிபேளே பாத்தும், காப்பியும் உண்ணத் தக்கவை. சாம்பாரும் உண்டு. இனிக்கும்! ஒரு முறை இரண்டு கரண்டி பொறுத்து உண்டு பாருங்கள். மூன்றாம் கரண்டியில் நா வழக்கை மறந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. கூட்டம் மிகுந்த நாளில் ஒரு மணி நேரமும் காக்க நேரும். கைக்குழந்தையோடு செல்வோர் அதிகாலையே செல்க.

"பிராமின்" என்ற பெயரைக் கேட்டவுடன் முதியோர் சிலர் நிமிர்ந்து அமர்ந்ததைக் கண்டோம். நியாயமே. ஓட்டல்களில் சாதிக்கொரு பந்தி இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த அச்சொல்லை எதிர்த்துத் திராவிடர் கழகத்தார் 1957இல் கிளர்ச்சி செய்ததைக் கண்ணாற் கண்டவர் நம் தந்தையார். பெங்களூரில் சங்கரபுரத்தில் 1965இல் தோன்றிய பிராமின்ஸ் காப்பி பார் இன்றும் அப்பெயரோடே நிற்கிறது. பெயர் நமக்கும் உவப்பன்று. ஆனால் அங்கே நடப்பது யாதெனில், இருக்கை என்பதே இல்லை. கார் ஓட்டுநரும் கம்பெனி அதிகாரியும் கட்டடத் தொழிலாளியும் நடைபாதையில் தோளோடு தோள் நின்று உண்கிறார்கள். இட்டலி, வடை, காராபாத், கேசரிபாத், காப்பி, தேநீர். அவ்வளவே பட்டியல். அங்கும் சாம்பார் இல்லை. தேங்காய்ச் சட்டினியைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஞாயிறன்று அடைத்திருப்பது அவர்கள் வழக்கம். சனிக்கிழமை விடுமுறை உடையோர் செல்லலாம்.

நின்று உண்ணும் இவ்வழக்கத்தையே 1983இல் ஜயநகரில் கபே தர்சினி என்னும் கடை ஊரெங்கும் பரவச் செய்தது. இன்று "தர்சினி" என்பது ஓர் ஓட்டலின் பெயரன்று, ஓர் இனத்தின் பெயர். பணம் கட்டிச் சீட்டு வாங்கு, நீயே எடுத்துக்கொள், நின்று உண், செல். விலை குறைவு, அடுப்பு கண்முன்னே. தெரியாத ஊரில் எந்தக் கடை நன்று என்று அறிய வேண்டுமாயின், காலை எட்டு மணிக்கு எந்தத் தர்சினியின் முன் கூட்டம் நிற்கிறதோ அங்கே நிற்க. மாவு புளிக்க நேரமின்றி விற்றுப்போகும் கடையில் வயிறு கெடுவதில்லை.

மாலையில் செல்வோர் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி, சஜ்ஜன்ராவ் சதுக்கத்தின் அருகிலுள்ள விசுவேசுவரபுரத் திண்டித் தெருவுக்குச் செல்லலாம். தமிழில் "திண்டி" என்றால் வயிற்றுக்காரனை ஏசும் சொல். கன்னடத்தில் அது மதிப்புள்ள சிற்றுண்டி. பெயர் கண்டு வெட்க வேண்டா. மார்கழி, தை மாதங்களில் அங்கே அவரைப் பருப்பின் ஆட்சி. தோசையில் அவரை, உப்புமாவில் அவரை, ஜிலேபியிலும் அவரை! தோல் பிதுக்கிய அவரையை அவர்கள் "ஹிதகபேளே" என்பர். தருமபுரி, கிருட்டிணகிரி, வேலூர்ப் பக்கத்துத் தாய்மார்களே, அது நீங்கள் வைக்கும் பிதுக்குப் பருப்புதான்.

மொராக்கோ நாட்டில் மராகேசு என்றொரு பழைய நகரம் உண்டு. அதன் நடுவே ஜெமா எல்-பனா என்னும் பெருஞ்சதுக்கம். பொழுது சாய்ந்தால் திறந்த வெளியில் அடுப்புகள் மூளும். புகையினூடே உலகத்துப் பயணியர் எல்லாம் அமர்ந்து உண்பர். எனினும் அந்நகரத்தார் தமக்கே உரியதென்று கொண்டாடும் உணவு வேறு. "தஞ்சியா" என்பர். மண்சாடியில் இறைச்சியையும் மசாலையையும் இட்டு வாயைக் கட்டி, பொதுக் குளியலகத்தின் உலைச் சாம்பலில் இரவெல்லாம் புதைத்துவைப்பார்கள். ஆடவர் சமைப்பது, கைத்தொழிலாளர் தம் ஓய்வு நாளுக்கென்று ஆக்கிக்கொண்டது. அதை அறிந்தபோது, நம் பொம்மசந்திரத்து அறைகளில் ஐவராய் அறுவராய்த் தங்கி, ஞாயிறு ஒரு நாள் கறிக்குழம்பு வைக்கும் இளைஞர்களையே நினைத்தோம்.

அவ்விளைஞர்களுக்கு ஒரு சொல். பெங்களூரில் புலால் உணவுக்கு "மிலிட்டரி ஓட்டல்" என்று பெயர். மராட்டியப் படைவீரரோடு தொடர்புடைய பெயர் என்பர். ஜயநகரிலுள்ள சிவாஜி மிலிட்டரி ஓட்டல் அவ்வகையிற் பழையது. அங்கே பிரியாணி தொன்னையில் வரும். அதனால் தொன்னெ பிரியாணி. நம் பக்கத்துச் சீரகச் சம்பாவே அதன் அரிசி. வேறு பல மிலிட்டரி ஓட்டல்களில் ராகி முத்தையும் நாட்டுக் கோழிச் சாறும் கிடைக்கும். முத்தை என்பது களி. சாறு என்பது சாறே. களியை மெல்லாமல் விழுங்கும் கலை நம் பாட்டனுக்குத் தெரியும், நாம் மறந்தோம், இவர்கள் காத்துவருகிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருத்தல் முறையன்று. நால்வர் கொண்ட குடும்பம் வணிக வளாகத்தின் மேல்மாடியில் அமர்ந்து ஒரு முறை உண்ணும் தொகையில், மேற்கூறிய இடங்களில் மூன்று முறை உண்ணலாம். ஒரு காப்பியை இரண்டு தம்ளராக்கி இருவர் பகிர்வது இந்நகரத்து வழக்கம். "பைடூ" என்று கேட்டால் எவரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார்.

மொழிக்கு அஞ்ச வேண்டா. ஒன்றை மட்டும் கருத்தில் வைக்க: நாம் பழக்கத்தில் "கொடு" என்கிறோம். கன்னடத்தில் அது ஒருமை. வயதில் மூத்த பரிமாறுவோரை அது புண்படுத்தும். "கொடி" என்க. "இன்னு ஸ்வல்ப சட்னி கொடி" என்று சிரித்த முகத்தோடு கேட்டால், சட்டினி மட்டுமன்று, எந்த ஊர் என்ற கேள்வியும் வரும். பெரும்பாலும் தமிழிலேயே வரும்.

வரும் மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை, சந்தாபுரத்தில் கூடிப் புறப்படுவதென்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் வித்யார்த்தி பவன், பின்பு லால்பாக், பிற்பகல் உணவை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறோம். பெயர்களைச் செயலாளர் குறித்துக்கொள்கிறார். அன்று யார் வீட்டிலும் அடுப்பு மூட்டலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. நாம் முன்பு கூறிய அம்மையார் விழா தொடங்குமுன்பே தம் பெயரைக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அங்கேயும் சாம்பாரில் வெல்லம் போடுவார்களா?" அங்கே சாம்பாரே இல்லை, அம்மா என்றோம். "அப்படியானால் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் கொண்டுவருகிறேன்" என்றார்.